குதிரை மூடிக்கு ஒண்ணு, மயில் மூடிக்குப் பத்து

பாளையம்பட்டியின் கடைசியில், டவுன் பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிறிஸ்தவ சபை இருக்கிறது. அந்தச் சபையின் செயலாளர் பதவிக்கு மூன்று தடவை நின்று மூன்று தடவையும் மண்ணைக் கவ்வியவர் சாலமோன். வயது அறுபத்திரண்டு. சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் இருந்து, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவர். எந்த ஆபீஸ் என்று சொன்னால் இப்போது அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாமல் விட்டால் எல்லா ஆபீஸ்காரர்களும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். நினைத்துவிட்டுப் போகட்டும்.

அந்தப் பதவியில் அப்படி என்னதான் இருக்கிறது என்று வெளியாட்களுக்குப் புரியாது. சம்பளம் கிடையாது, படி கிடையாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரத்தில் எழுந்து போய் மைக்கைப் பிடித்து அறிவிப்பு வாசிக்கலாம். "சபையார் கவனிக்கவும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் நூற்றெண்பது பேர் கவனிப்பார்கள். ஓய்வு பெற்ற நாலு வருஷமாக சாலமோன் சொல்வதைக் கவனிக்க அவர் மனைவி ஈவா ஒருத்திதான் இருந்தாள். அவளும் வெங்காயம் நறுக்கிக்கொண்டேதான் கவனிப்பாள். அந்த மைக்குக்காக மனுஷன் உள்ளுக்குள் எப்படி ஏங்கினார் என்பது அவருக்கும் கர்த்தருக்கும் ஈவாவுக்கும் மட்டும் தெரியும்.

பதவியில் இருந்தவர் லாரன்ஸ், பேக்கரிக்காரர். ஒன்பது வருஷமாக அவர்தான் செயலாளர். அதிகம் பேச மாட்டார், சிரிப்பார். எந்த வீட்டில் காய்ச்சல் என்றாலும், எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும், மறுநாள் காலையில் அங்கே ஒரு பன் பாக்கெட் போய்ச் சேர்ந்திருக்கும். பன்னைக் கொடுத்து ஓட்டை வாங்குகிறான் என்பது சாலமோனின் குற்றச்சாட்டு. சாலமோனிடம் பன் இல்லை. அவரிடம் இருந்தது ஒழுக்கம். ஆயுசில் ஒரு சொட்டு மது தொட்டதில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு தோறும் மதுவிலக்கைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் பேச அவருக்கு அனுமதி உண்டு. மைக் இல்லாமல், நின்ற இடத்தில் நின்று பேச வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷமும் ஆண்கள் பக்கம் அத்தனை தலையும் குனிந்தே இருக்கும். மனம் திரும்புகிறார்கள் என்று சாலமோன் நம்பினார். சனிக்கிழமை ராத்திரியின் தலைவலியும் தலையைக் குனியத்தான் வைக்கும் என்பது அவர் அனுபவத்தில் இல்லாத விஷயம்.

இந்த வருஷம் தேர்தல் மே மாதக் கடைசி ஞாயிறு. அதற்கு முந்தின பத்து நாளும் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதப் பள்ளி. பாட்டு, கதை, பதினொரு மணிக்கு பிஸ்கட், ஆரஞ்சு ஜூஸ். அந்த பிஸ்கட்டுக்காகவே தெருவில் இருக்கிற மற்ற பிள்ளைகளும் வந்துவிடும். கடைசி நாளான சனிக்கிழமை என்ன செய்யலாம் என்று கமிட்டி கூடியபோது, புதிதாக வந்த இளவயது ஆயர், பிள்ளைகள் செல்போனிலேயே கிடக்கிறார்கள், நம் தெரு விளையாட்டுகளை மறுபடி சொல்லிக்கொடுத்தால் என்ன என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், கமிட்டிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு மணி நேரம் ஆளாளுக்குத் தங்கள் பால்யத்தைச் சொன்னார்கள். சாக்பீஸால் கட்டம் போட்டு நொண்டியடித்த பாண்டி, சோடா மூடியைக் கட்டத்துக்குள் வைத்துச் சில்லால் அடித்து வெளியேற்றிய ஆட்டம், எல்லாம் எங்கே போயிற்று என்று பெருமூச்சு விட்டார்கள். எங்கேயும் போகவில்லை. அன்று காலையில்கூட பாட்டு மாஸ்டர் வீட்டு வாசல் சிமெண்டில் நாலு பிள்ளைகள் பாண்டிக் கட்டம் போட்டதற்கு அவர் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, பிள்ளைகளையும் சேர்த்து நனைத்து விரட்டியிருந்தார். அவர்தான் எல்லோரையும்விட அதிகமாகப் பெருமூச்சு விட்டவர். 'செல்லை விடு, சில்லை எடு' என்று விழாவுக்குப் பெயர் வைத்தவரும் அவரே.

வேலையைப் பிரித்தார்கள். சாக்பீஸ் ஆசிரியை ஒருவருக்கு. பன் லாரன்ஸுக்கு, அதற்குத் தீர்மானமே தேவையில்லை. மூடி யார் பொறுப்பு என்று ஆயர் கேட்டபோது சாலமோன் எழுந்து நின்றார். ஐந்நூறு மூடி, தான் பொறுப்பு, மினிட் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார். எழுதிக்கொண்டார்கள். ஐந்தாவது தீர்மானம்.

அவர் மனசில் இருந்தது நாற்பது வருஷத்துக்கு முந்தின அருப்புக்கோட்டை. அப்போது சோடா கம்பெனி வாசலில் மூடி சாக்குச் சாக்காகக் கிடக்கும். செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி கோட்டைச்சாமியின் சோடா கம்பெனிக்குப் போனார். கம்பெனி இருந்தது, சோடா இருந்தது, கோட்டைச்சாமியும் இருந்தார். மூடிதான் இல்லை. எல்லாம் பிளாஸ்டிக் பாட்டில், பிளாஸ்டிக் திருகு மூடி. மூடி அடைக்கிற பழைய மிஷின் மேல் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. கோட்டைச்சாமி ஐம்பது பிளாஸ்டிக் மூடியைப் பையில் போட்டுக் கொடுத்தார். சாலமோன் அதை மொட்டை மாடியில் பரப்பி, சோதனைக்குச் சில்லை எடுப்பதற்குள் கரிசல் காட்டுக் காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியதில் ஐம்பதும் அடுத்த வீட்டு மாடியில் இருந்தன.

போனில் கூப்பிட்டதற்குக் கோட்டைச்சாமி ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். "அண்ணாச்சி, தகர மூடி இன்னைக்கு ஒரு எடத்துலதான் கெடைக்கும். பீர் பாட்டில்ல. பார்ல போயிக் கேளுங்க, கூட்டி அள்ளிக் குடுப்பாக."

சாலமோன் சட்டென்று போனை வைத்துவிட்டார். ஆனால் தீர்மானம் தீர்மானம்தான். மூடி இல்லாமல் சனிக்கிழமை வெறுங்கையோடு போய் நின்றால் லாரன்ஸ் சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை தேர்தல். ஆகவே ஒரு திட்டம் போட்டார். பாளையம்பட்டியிலோ டவுனிலோ இருக்கிற பாருக்குப் போனால் பார்த்துவிடுவார்கள். திருச்சுழி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில், காட்டுக்குள் இருக்கிற கடைக்குப் போனால் ஒரு பயல் பார்க்க மாட்டான். இதை நினைத்தபோது தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டார். அந்த வட்டாரத்து ஜனம் முப்பத்தோரு வருஷமாகத் தன் மேஜைக்கு முன்னால் வரிசையில் நின்ற ஜனம் என்பது புத்திக்குத் தட்டவில்லை.

புதன்கிழமை மத்தியானம் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பாருக்குள் நுழைந்தார். தகரக் கொட்டகை. மேஜை துடைத்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து, சூப்பிரண்டு சார் வாங்க வாங்க என்று உள்ளே இருந்த பதினைந்து பேருக்கும் கேட்கிற மாதிரி வரவேற்றான்.

"என்னயத் தெரியலையா சார்? தங்கபாண்டி. எங்கய்யா செத்தப்ப வாரிசு சர்டிபிகேட்டுக்குப் பதினோரு தடவ நடந்தேன்ல?"

சாலமோனுக்கு ஞாபகம் வரவில்லை. மனுக் கொண்டுவருகிறவர்களின் முகத்தையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டால் சர்க்கார் வேலை பார்க்க முடியாது. ஆனாலும் ஞாபகம் இருப்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு வந்த விஷயத்தைச் சொன்னார். பிள்ளைகள் விளையாட ஐந்நூறு மூடி வேண்டும்.

தங்கபாண்டி மூலையைத் திரும்பிப் பார்த்தான். மூடி மூலையில் சாக்கில்தான் கிடந்தது, இரண்டு பேருக்கும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். ஆனால் அதில் எலும்பும் பீடித் துண்டும் கலந்து கிடப்பதாகவும், பிரித்துத்தான் தர வேண்டும் என்றும், பிரிக்கிற ஆள் சாப்பிடப் போயிருப்பதாகவும் சொன்னான். "நாளைக்கு வாங்க சார்," என்றான் மரியாதையாக.

வியாழக்கிழமை போனார். பிரித்தாகிவிட்டது, ஆனால் எண்ண வேண்டும் என்றான் தங்கபாண்டி. ஐந்நூறு என்று கேட்டுவிட்டு நானூற்றுத் தொண்ணூறு இருந்தால் சாருக்குத்தானே கெட்ட பேர்? பெஞ்சில் உட்காரச் சொன்னான். சாலமோன் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லோரும் அவருக்கு வணக்கம் வைத்தார்கள். ஒருவர் சுண்டல் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார். நாலு மணிக்கு, எண்ணுகிற ஆள் ஊருக்குப் போய்விட்டதாகத் தெரியவந்தது. நாளைக்கு வாங்க சார்.

வெள்ளிக்கிழமை மூடி கிடைத்தது. ஆனால் பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றான் தங்கபாண்டி. சிகரெட் அட்டையின் வெள்ளைப் பக்கத்தில், ஐந்நூறு பீர் மூடி பெற்றுக்கொண்டேன் என்று தேதி போட்டு, முழுக் கையெழுத்து. எழுத்து என்று வந்துவிட்டால் சாலமோனுக்குக் கை தானாக ஓடும். போட்டுக் கொடுத்தார். அவர் பஸ் ஏறுவதற்குள் தங்கபாண்டி அதைச் சோற்றுப் பருக்கை வைத்துச் சுவரில் ஒட்டிவிட்டான்.

அன்று சாயங்காலத்துக்குள் பாளையம்பட்டிச் சபை முழுக்கச் சங்கதி பரவிவிட்டது. சாலமோன் சார் மூன்று நாளாகப் பாரிலேயே கிடக்கிறாராம், ஐந்நூறு பாட்டிலுக்குக் கணக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். யார் பார்த்தது என்று கேட்டால் மட்டும் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் குடிக்கத் தோதான இடம் அந்தக் காட்டுக் கடைதான் என்று, சாலமோனுக்கு முன்பாகவே சபையில் முப்பது பேர் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

ஈவா ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சாக்கைப் பின்கட்டுக்கு இழுத்துப் போய், புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்து, மாடியில் காயப் போட்டாள். வெயிலில் ஐந்நூறும் மின்னின. மூன்று ரகம் இருந்தன. குதிரைத் தலை போட்டது, மயில் போட்டது, நட்சத்திரம் போட்டது. எத்தனை தேய்த்தும் வாடை மட்டும் போகவில்லை. ஆயர் ஆறு மணிக்கு வந்து, சாலமோனின் தலையில் கை வைத்து அவருடைய விடுதலைக்காக ஜெபிக்கத் தொடங்கியபோது அந்த வாடை மாடிப்படி வழியாக இறங்கி வந்தது. சாலமோன் மினிட் புத்தகத்தின் நகலை எடுத்து ஐந்தாவது தீர்மானத்தைக் காட்டினார். ஆயர் படித்தார், புரிந்துகொண்டார், ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஜெபத்தை முடித்துவிட்டே போனார்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு விழா. சபைக் கோயில் வளாகத்து சிமெண்டுத் தரை முழுக்க சாக்பீஸ் கட்டங்கள். ஒரு பக்கம் பாண்டி. இன்னொரு பக்கம், நடுவில் பெரிய சதுரம் போட்டு மூடிகளைக் கொட்டி, பத்தடி தள்ளி ஒரு கோடு. அந்தக் கோட்டில் நின்று சில்லை எறிந்து, சதுரத்துக்கு வெளியே போன மூடியை எடுத்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் நாற்காலிகளில் வந்து உட்கார்ந்தார்கள். ஆட்டத்துக்கு விதிமுறை எழுதி வந்திருந்ததால் அன்றைக்கு ஒரு நாள் மட்டும் மைக் சாலமோனிடம் வந்தது.

மைக்கைத் தொட்டதும் மனுஷனுக்கு மூன்று நாள் அவமானமும் மறந்துவிட்டது. பதினாலு விதிகள். உட்பிரிவு தனி. சில்லு எறியும் கால் கோட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதற்கே ஒரு பக்கம். பிள்ளைகள் கட்டத்தைச் சுற்றிக் குத்தவைத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது விதியை அவர் வாசித்தபோதுதான் முதல் எதிர்ப்பு வந்தது. எந்தப் படம் போட்ட மூடியாக இருந்தாலும் மதிப்பெண் ஒன்றுதான், எல்லா மூடியும் சமம் என்பது அந்த விதி.

"அதெப்படித் தாத்தா சமமாகும்?" என்று எழுந்து நின்றாள் பியூலா.

பியூலா லாரன்ஸின் பேத்தி. ஒன்பது வயது. அந்தத் தெருவில் மூடி ஆட்டம் என்றால் அவள்தான். பெரியவர்கள் அழிந்துபோயிற்று என்று அழுத ஆட்டத்தை அவளும் அவள் சேக்காளிகளும் பேக்கரிக்குப் பின்னால் தினமும் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரையும் கேட்காமல். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு விலைப்பட்டியல் இருந்தது. எளிதாகக் கிடைக்கிற மூடிக்கு மதிப்பு குறைவு, கிடைக்காத மூடிக்கு மதிப்பு அதிகம். அதை அவள் சாலமோனுக்குப் பொறுமையாக விளக்கினாள். குதிரை மூடிக்கு ஒண்ணு, மயில் மூடிக்குப் பத்து, நட்சத்திரத்துக்கு நூறு.

குதிரைக்கு ஏன் ஒன்று என்று கேட்டார் சாலமோன்.

"அது எங்க வீட்டு மோட்டார் ரூம்ல வாளி வாளியாக் கெடக்கே."

நாற்காலிகளில் இருந்த தலைகள் லாரன்ஸ் பக்கம் திரும்பின. அந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் என்ன செய்திருப்பான்? மைக்கை அணைத்துவிட்டு, சரி பாப்பா, உங்க கணக்குப்படியே ஆடுங்க என்று சொல்லியிருப்பான். சாலமோன் மைக்கை அவள் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். ஒன்பது வருஷத்துப் பன்னுக்கு ஒரு நிமிஷத்தில் பதில் கிடைக்கப்போகிறது என்கிற ஆசையில் அவருடைய குரல்கூடத் தேனாக இறங்கியது. அதை யார் திறக்கிறது கண்ணு, கையாலா, மிஷினாலா என்று விசாரித்தார்.

பியூலாவுக்கு அது ஆட்டத்தைப் பற்றிய கேள்வி. அக்கறையாகப் பதில் சொன்னாள். "தாத்தா தொறந்தா மூடி வளையாது, நல்லாத் தட்டையா இருக்கும். அப்பா தொறந்தா வளைஞ்சு போகும். வளைஞ்ச மூடி ஆட்டத்துக்கு ஆகாது."

லாரன்ஸ் சிரித்தபடியே உட்கார்ந்திருந்தார். சிரிப்பை எடுத்துவிட்டால் முகத்தில் வேறு எதை வைப்பது என்று தெரியாத சிரிப்பு அது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் முப்பத்தோரு வருஷத்துப் பழக்கம், விசாரணை என்று தொடங்கினால் பாதியில் நிற்காது. சாலமோன் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார். ஒவ்வொரு பிள்ளையாகப் பெயர், தகப்பன் பெயர், வீட்டில் எந்த மூடி என்று கேட்டு, விதிமுறைத் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். மூடி அதிகம் உள்ள வீடுதானே பெரிய வீடு? பாட்டு மாஸ்டர் மகன், தங்கள் வீட்டில் மயில் மட்டும்தான், அதுவும் பாட்டுப் பயிற்சி அன்றைக்கு மட்டும்தான் என்று பெருமையாகச் சொன்னான். பொருளாளர் வீட்டு இரட்டைப் பிள்ளைகள் குதிரையா மயிலா என்று தங்களுக்குள் சண்டை போட்டு, இரண்டும்தான் என்று சமாதானம் ஆனார்கள். பிஸ்கட்டுக்காக வேதப் பள்ளிக்கு வந்திருந்த முனீஸ்வரி மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். அவளுடைய அப்பா கடையிலேயே குடித்துவிட்டு ரோட்டோடு பாடிக்கொண்டு வந்துவிடுவார், வீட்டுக்குக் கொண்டுவருகிற பழக்கம் கிடையாது, அதனால் அவளிடம் ஒரு மூடிகூட இல்லை. மற்ற பிள்ளைகள் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒளித்துக் குடிக்கத் தெரியாத தகப்பனைப் பெற்றது அவளுடைய தலையெழுத்து.

பதினெட்டாவது வீட்டை எழுதும்போது ஆயர் எழுந்து, ஜெபிப்போம் என்றார் சத்தமாக. ஜெபிப்போம் என்றால் மைக்கைப் பிடித்தவனும் கண்ணை மூடத்தான் வேண்டும். சாலமோன் மூடினார். ஆயர் மழைக்காகவும் தேசத் தலைவர்களுக்காகவும் தறிக்காரர்களுக்காகவும் நெடுநேரம் ஜெபித்தார். கண்ணைத் திறந்தபோது நாற்காலிகளில் பாதி காலி. பிள்ளைகளை ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். கட்டத்துக்குள் ஐந்நூறு மூடியும் அப்படியே கிடந்தன. ஒரு சில்லுகூட எறியப்படவில்லை.

சாலமோன் வீட்டுக்கு மிதந்துகொண்டு போனார். தாளை மேஜையில் விரித்து, ஈவாவைக் கூப்பிட்டுக் காட்டினார். பதினெட்டு வீடு, கமிட்டியில் பாதி. இனி எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு லாரன்ஸ் நாளைக்கு நிற்பான் என்று கேட்டார். ஈவா தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அடுப்படிக்குப் போய்விட்டாள்.

லாரன்ஸ் அதே மூஞ்சியோடுதான் நின்றார். சனிக்கிழமை ஏழு மணிக்குள் எல்லா வீட்டுக்கும் பன் பாக்கெட்டோடு போய் வந்துவிட்டார். கடைசி நாள் விழாவுக்குப் போட்ட பன் ஐந்நூறும் மிச்சமாகிவிட்டதல்லவா? போன இடத்திலெல்லாம் ஒரே வார்த்தைதான் சொன்னாராம். இன்றைக்கு இந்தப் பதினெட்டு வீடு, சாலமோன் அண்ணன் கையில் மைக் நிரந்தரமாகப் போனால் மாசாமாசம் யார் வீடோ. குடிக்கிற வீட்டுக்கும் அது புரிந்தது. குடிக்காத வீடுகளிலும், குடியைத் தவிர வேறு ஏதாவது ஒன்று மோட்டார் ரூமில் கிடக்கத்தான் செய்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை வழக்கத்துக்கு மாறாக அமைதியாக நடந்தது. ஒரு பிள்ளை சிணுங்கவில்லை, ஓடவில்லை. ஆராதனை நேரத்தில் செல்போன் ஆகாது என்று அறிவிப்புப் பலகையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு அத்தனை பிள்ளை கையிலும் அப்பனின் செல்போன் இருந்தது. தெருவுக்குப் போனால்தானே மூடி, மூடி இருந்தால்தானே பேச்சு? இந்தா, இதை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இரு என்று அப்பன்மார் தாங்களாகவே கொடுத்திருந்தார்கள். வளாகத்தில் சாக்பீஸ் கட்டங்களை யாரோ கழுவிவிட்டிருந்தார்கள். மூடிகள் குப்பைத் தொட்டியில் கிடந்தன. செல்லை விடு, சில்லை எடு என்ற பேனர் மட்டும் அவிழ்க்க ஆளில்லாமல் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

ஓட்டுப் போட்டு முடிந்து ஆயர் முடிவை வாசித்தார். பதிவானது நூற்று எண்பத்தாறு. செல்லாதது இரண்டு. லாரன்ஸ் நூற்று எண்பத்து மூன்று. சாலமோன் ஒன்று.

சாலமோன் விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியமே இல்லை. அந்த ஒன்று அவர் கையால் போட்டது. பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஈவா முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். லாரன்ஸ் எழுந்துபோய் மைக்கைப் பிடித்து, சபையார் கவனிக்கவும் என்றார். எல்லோரும் கவனித்தார்கள்.

இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். பேக்கரி முக்கு வரை தாங்கிய சாலமோன் அதற்கு மேல் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார். நீ யாருக்குப் போட்ட?

ஈவா நின்றாள். "மூணு நாள் பார்ல போயி உக்காந்துட்டு வந்தீக. ஊரே பேசுச்சு. நான் ஒரு வார்த்த கேட்டனா? உங்களப் பத்தி எனக்குத் தெரியும். ஆனா பச்சப்பிள்ள வாயில மைக்க வச்சு, அது அப்பன் பேரக் கேட்டு எழுதுனீகளே, அந்த ஆள எனக்குத் தெரியல. தெரியாத ஆளுக்கு நான் எப்படி ஓட்டுப் போட?"

சொல்லிவிட்டு அவள் நடந்தாள். சாலமோன் அவள் பின்னால் போகவில்லை. இப்படி ஒரு வெட்கம் உண்டு என்று அவருக்கு அதுவரை தெரியாது. பார் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதுகூட இது வரவில்லை.

பேக்கரி படிக்கட்டில் பியூலா உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப் பாவாடை. காதோரத்தில் நாலு விரல் தடம் சிவந்து தடித்திருந்தது. மடியில் செல்போன். அதில் என்னமோ கலர் கலராக உருண்டுகொண்டிருந்தது, அவள் விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

சாலமோன் பக்கத்தில் போய் நின்றார். வாழ்நாளில் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாத ஒரு வார்த்தையை அவர் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன்னால் என்ன சொல்லித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.

"பாப்பா, தாத்தா ஒங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்," என்றார்.

பியூலா தலையைத் தூக்கவில்லை. விரலும் நிற்கவில்லை.

"இப்ப ஏலாது தாத்தா," என்றாள். "நாளைக்கு வாங்க."